ஏழாம் எண் மண்

சென்னை
9 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழில்மொழி எழுதுகிறேன். என் எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுத வேண்டியதாகிவிட்டது. சிறுவாய்க்கரை கிளை அஞ்சலகத்துக்கு வரும் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துவது நீங்கள்தான். அதனால் கைக்கு வந்து சேரவில்லை என்று சொல்ல முடியாது. பதிவுத் தபால் வேறு, கையெழுத்தும் நீங்களே போட வேண்டும். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அன்றைக்கு நான் ஹைதராபாத்திலிருந்து வந்து இறங்குவதற்குள் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். தெருவில் நின்று கத்தினேன். கத்தியதற்கு வருத்தமில்லை. கோபத்தில் நம் தெருவையே கேவலமாகப் பேசினேனே, அதற்கு வருத்தம் இருக்கிறது. சொல்லிவிட்டேன். இனி நல்ல செய்தி.

நான் இப்போது சென்னையில் ஒரு மரம் வளர்க்கும் நிறுவனத்தில் இருக்கிறேன். வரைபட மென்பொருளில் வேலை. மலைவேம்பும் தேக்கும் நடுவதற்கு எந்த நிலம் தோதுப்படும் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நிலத்தின் உயரம், தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, சாலை எவ்வளவு தூரம், பயிர் உண்டா, கட்டடம் உண்டா என்று ஒவ்வொன்றையும் செயற்கைக்கோள் படத்தின்மேல் அடுக்கிக்கொண்டே போனால், கடைசியில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் வரும். நல்ல நிலம் கரும்பச்சை, ஆகாதது சிவப்பு. நம் பக்கம் முழுக்கச் சிவப்புதான். ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் நிற்கிற வயலில் மலைவேம்பு வேரோடு அழுகிவிடும்.

அத்தனை சிவப்புக்கு நடுவில் ஒரே ஒரு கரும்பச்சைத் துண்டு. பெரிதாக்கிப் பார்த்தால் நம் ஊர்! பெரிய வாய்க்காலுக்குத் தெற்கே, தியாகராசன் பட்டாவில் இரண்டரை ஏக்கர் மேடு. சுற்றியுள்ள வயலைவிட நாலடி உயரம். பயிர் கிடையாது, கட்டடம் கிடையாது, ஒற்றைப் பனை மட்டும் நிற்கிறது. போன மாதம் ஆள் அனுப்பி எட்டு இடத்தில் துளை போட்டு மண் எடுத்தோம். எல்லாமே அருமையான மண். அதிலும் ஏழாம் எண் பையைச் சோதித்துவிட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிட்டே சொன்னார்கள். பாஸ்பரஸும் சுண்ணாம்புச் சத்தும் இந்த அளவுக்கு டெல்டாவில் பார்த்ததே இல்லையாம். மொத்தம் தொண்ணூற்று நாலு மதிப்பெண், மாவட்டத்திலேயே முதலிடம். அலுவலகத்தில் கேக் வெட்டி என் கையில்தான் முதல் துண்டைக் கொடுத்தார்கள்.

தியாகராசன் பன்னிரண்டு வருஷக் குத்தகைக்குச் சம்மதித்துவிட்டார். ஆவணியில் வேலை தொடங்கும். நம் தெருவில் பத்துப் பேருக்காவது வேலை கிடைக்கும் என்று நினைக்கிறேன். காளியம்மாள் அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை
எழில்மொழி


சிறுவாய்க்கரை
14 ஜூன் 2025

எழில்மொழிக்கு,

உன் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். படித்து முடித்ததும் வாய்க்காலுக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அம்மா செத்த அன்று நடுத்தெருவில் 'டேய் நெடுமாறா' என்றவள் நீ. அதுவே மேல். இந்த மரியாதையைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது.

உன் கரும்பச்சைத் துண்டு எது தெரியுமா? பனையடி. நம் சனத்தைப் புதைக்கிற இடம். அப்பா அங்கேதான் இருக்கிறார். சித்தப்பா, காளியம்மாள் அத்தையின் மூத்த மகன், வயிற்றிலேயே செத்துப் பிறந்த என் முதல் பிள்ளை எல்லாரும் அங்கேதான். தியாகராசனின் தாத்தா காலத்தில் நம் ஆட்கள் அவர்கள் பண்ணையில் வேலை செய்தார்கள். "பொதச்சிக்கிங்க, ஆனா கல்லு கில்லு நடப்படாது" என்று வாயால் விட்ட இடம். அதனால் ஒரு கல் கிடையாது, ஒரு செங்கல் கிடையாது. பனையிலிருந்து தெற்கே இத்தனை அடி, கிழக்கே இத்தனை அடி என்று ஒவ்வொரு வீட்டு ஆம்பிளையும் எண்ணி மனசில் வைத்திருப்பான். கட்டடம் இல்லை என்று மதிப்பெண் போட்டாயே, அது ஏன் இல்லை என்று இப்போது தெரிந்துகொள்.

வைகாசியில் இரண்டு பேர் இரும்புக் குழாயும் கையுமாக வந்தார்கள். செல்லதுரை பெரியப்பா அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். "யாருப்பா நீங்க, இங்க என்ன தோண்டுறீங்க?" என்று கேட்டிருக்கிறார். "மண்ணு பாக்குறோம் பெரியவரே. ஒங்க ஊருப் பொண்ணுதான் அனுப்பியிருக்கு" என்றார்களாம். அவர் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. வேறு எவளாவது இருப்பாள் என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். இப்போது உன் கையெழுத்திலேயே வந்துவிட்டது.

சுண்ணாம்புச் சத்து என்று எழுதியிருக்கிறாய். அது எங்கிருந்து வந்தது என்று பொறியியல் படித்த உனக்குப் பத்தாம் வகுப்புப் படித்த நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டுத் துளையையும் நான் போய்ப் பார்த்தேன். ஒன்று யாருடையது என்று எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருந்தவரைக்கும் இந்தத் தெருவுக்கு எவனும் மதிப்பெண் போட்டதில்லை. செத்த பிறகு தொண்ணூற்று நாலு.

கேக் இனித்ததா?

நெடுமாறன்


சென்னை
18 ஜூன் 2025

அண்ணே,

உன் கடிதம் வந்து ஒரு நாள் முழுக்க நான் எதுவும் சாப்பிடவில்லை. அந்தக் கேக்கின் க்ரீம் வாசனை இன்னும் விரலில் இருக்கிற மாதிரி சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவுகிறேன். என்னை நானே பார்க்கச் சகிக்கவில்லை. இதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. 'பனையடிக்குக் கொண்டுபோயாச்சு' என்று பிறந்ததிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்று ஒருத்தரும் காட்டியதில்லை. பாடை தெருமுனையைத் தாண்டி மதகு வரைக்கும் போகும். அங்கே எங்களை நிறுத்திவிடுவீர்கள். பறைச் சத்தம் மட்டும் தெற்கே போகும். அப்பா போனபோது எனக்குப் பதினொரு வயது. மதகுக் கட்டையில் உட்கார்ந்து அந்தச் சத்தம் நிற்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆற்றங்கரையில் எங்கேயோ சிமெண்ட் மேடையும் கொட்டகையுமாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். திரையில் அந்தப் பனையைப் பார்த்தேன் அண்ணே. மேலே இருந்து பார்த்தால் பனை ஒரு சின்னப் பொட்டுதான். சுட்டியை அதன் மேலேயே வைத்து, 'அகற்ற வேண்டிய மரம்: ஒன்று' என்று குறித்தவள் நான்.

என் இடத்தில் நம் தெருவின் எந்த ஆம்பிளை உட்கார்ந்திருந்தாலும், குடிகாரனாக இருந்தால்கூட, பார்த்த நிமிஷமே கண்டுபிடித்திருப்பான். நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று நீயும் கொஞ்சம் யோசி. அம்மாவை எடுத்த அன்று சாயங்காலம் நான் உன்னிடம் என்ன கேட்டேன்? இடத்தைக் காட்டு என்றுதானே கேட்டேன்? "பொம்பளைக்கு அங்க என்னடி வேல?" என்றாய். அன்றைக்குக் காட்டியிருந்தால் இன்றைக்கு அங்கே இரும்புக் குழாய் இறங்கியிருக்காது. உன்மேலும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது. மறைக்க முடியவில்லை.

மேலாளரிடம் பேசி அந்தத் துண்டை நீக்கச் சொல்கிறேன். உடனே நீக்கிவிடுவார்கள். எவ்வளவு மோசமானவர்களாக இருந்தாலும் பிணத்தின்மேல் மரம் நடமாட்டார்கள்.

எழில்


சிறுவாய்க்கரை
27 ஜூன் 2025

எழில்,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றுதான் நினைத்தேன். அஞ்சலகத்தில் இருந்துகொண்டு தபாலைக் கிழித்த பாவம் வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பெண்களை மதகோடு நிறுத்தியது நாங்கள்தான். ஏன் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது, அப்பாவும் அப்படித்தான் செய்தார். அன்றைக்கு உன்னை அழைத்துக்கொண்டு போயிருக்கலாம்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தேன். அடங்கல் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். தியாகராசன் பட்டா, மேட்டு நிலம், சாகுபடி இல்லை. இடுகாடு என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. "நாலு தலைமுறையா பொதைக்கிறோம் சார்" என்றேன். "ஒரு ரசீது, ஒரு மனு, ஏதாச்சும் இருக்கா?" என்றார். புதைத்ததற்கு எவன் ரசீது வாங்குவான்?

தஞ்சாவூரில் இருக்கிற தியாகராசனுக்குப் போன் போட்டேன். ரொம்ப மரியாதையாகப் பேசினார், அதுதான் கொடுமை. "எங்க தாத்தா எரக்கப்பட்டு விட்டாரு தம்பி. இப்ப காலம் மாறிடுச்சில்ல? கெவுருமெண்டு சுடுகாடு மூணு கிலோமீட்டர்ல இருக்கு, நீங்களும் மாறிக்கங்க" என்றார். ஏற்கெனவே அங்கே இருப்பவர்களை என்ன செய்வது என்றேன். "மரம் அடியில இருந்தா அவங்களுக்கும் நெழல்தானே?" என்றார். தேன் ஒழுகுகிற குரல். போனை வைத்துவிட்டுக் காதைத் துடைத்துக்கொண்டேன்.

காளியம்மாள் அத்தை உன் கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். மகன் கிடக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை என்று முதல் முறையாக என்னிடம் சொன்னாள். பத்தொன்பது வருஷமாகிறது. அவள் அழவில்லை. எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.

உங்கள் ஆபீசில் என்ன சொன்னார்கள்?

நெடுமாறன்


சென்னை
8 ஜூலை 2025

அண்ணே,

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

மேலாளரிடம் உன் கடிதத்தையே காட்டினேன். நிதானமாகப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், வருத்தப்பட்டார். பிறகு, மென்பொருளில் பண்பாட்டு இடங்களுக்கு என்று ஓர் அடுக்கு இருக்கிறது, அதில் போடு என்றார். கிராமக் கோயில், பழைய குளம், கல்வெட்டு எல்லாம் வரும் இடம் அது. போட்டேன். அந்த அடுக்குக்கு ஐந்து மதிப்பெண் குறையும். தொண்ணூற்று நாலு எண்பத்தொன்பது ஆயிற்று. துண்டு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது, இன்னும் முதலிடம்தான். அப்பா, அம்மா, உன் பிள்ளை, அத்தை மகன், அத்தனை பேருக்கும் சேர்த்து ஐந்து.

"ஆவணம் இல்லாம இதுக்கு மேல எப்படிம்மா?" என்றார். நான் எழுந்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. அந்த இடத்துக்கு 'நினைவு வனம்' என்று பெயர் வைத்துவிடலாமாம். வாசலில் ஒரு பலகை, முதல் கன்றை நட உங்களையெல்லாம் அழைத்து ஒரு விழா. "அவங்கெல்லாம் மரமா நிக்கப்போறாங்க, எவ்ளோ அழகு!" என்றார். அவர் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது அண்ணே. பன்னிரண்டாம் வருஷம் அந்த மரத்தையெல்லாம் வெட்டி ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு ஏற்றுவதும் அவர்தான் என்று எனக்குத் தெரியும். கழிப்பறைக்கு ஓடினேன்.

இனி நான் சொல்லத் தயங்கியது. மென்பொருளில் தகராறு என்று இன்னோர் அடுக்கு இருக்கிறது. காவல் நிலையத்தில் வழக்குப் பதிவான நிலம் எதுவாக இருந்தாலும் மதிப்பெண் நேராகச் சுழியத்துக்குப் போய்விடும். பிணத்துக்கு ஐந்துதான், வழக்குக்கு நூறும் போகும். இந்த விதியை எழுதியது நானில்லை. ஆனால் ஒன்றரை வருஷமாகத் தினமும் இதை ஓட்டுகிறவள் நான்.

உனக்குப் புரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. வழக்கில் பெயர் வந்தால் அஞ்சலக வேலையிலிருந்து உன்னை விலக்கி வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வேலைக்காக அம்மா எத்தனை பேர் வாசலில் நின்றாள் என்பதும் தெரியும். இங்கே குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, போய் வழக்கு வாங்கு என்று உனக்கு எழுதுகிற நிலைக்கு வந்துவிட்டேன் பார். தூ.

எழில்


சிறுவாய்க்கரை
6 ஆகஸ்டு 2025

எழில்,

ஆவணி என்று சொன்னவர்கள் ஆடிப் பதினெட்டுக்கே வந்துவிட்டார்கள். ஊரில் ஆம்பிளைகள் இருக்க மாட்டார்கள், பண்டிகை நாளில் யாரும் தெற்கே வரமாட்டார்கள் என்று எவனோ கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

மேட்டைச் சமப்படுத்த ஒரு பெரிய எந்திரம். பெண்களெல்லாம் மதகடியில் இருந்தார்கள். காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு கட்டி, சித்திரான்னத்தைப் பிரித்து வைத்திருந்த நேரம். எந்திரம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஏறுகிற சத்தம் கேட்டிருக்கிறது. அத்தைதான் முதலில் எழுந்தாளாம். "வாங்கடி" என்றாளாம். மதகைத் தாண்டிவிட்டார்கள். இடுப்புத் தண்ணீரில் இறங்கிப் போனவர்களும் உண்டு.

எனக்கு ஆள் வந்து சொன்னபோது அஞ்சலகம் விடுமுறை, வீட்டில் இருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் எந்திரத்தின் வாய்க்கு நேரே பதினோரு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் புளியோதரை. சாப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பனை நிழலில் நின்றுகொண்டான். "எனக்கு யாரும் இது சுடுகாடுன்னு சொல்லல சார்" என்று என்னிடம் அழுகிற மாதிரி சொன்னான். அவன்மேல் கோபமில்லை.

சாயங்காலம் காவல்துறை வந்தது. அத்துமீறி நுழைந்தது, வேலையைத் தடுத்தது என்று வழக்கு. அந்த உதவி ஆய்வாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க தபால் ஆபீஸ்காரரு. பேசாம வீட்டுக்குப் போங்க, ஒங்க பேர எழுதல" என்றார். நல்ல மனுஷன்தான். அத்தையின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார் அப்போது. வயது அறுபத்தெட்டு என்று போட்டார். "என் பேரையும் எழுதுங்க சார்" என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்துத்தான் சொன்னேன். உன் கடிதம் வந்து ஒரு மாதமாக அதைத்தானே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு பேர். முதல் பெயர் காளியம்மாள், கடைசிப் பெயர் நெடுமாறன். வழக்கு எண்ணின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நேற்று என்னை வேலையிலிருந்து விலக்கி வைத்த உத்தரவு வந்தது. அதையும் நானே முத்திரை குத்தி, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

உன் தகராறு அடுக்கில் இதைப் போடு.

நெடுமாறன்


சென்னை
19 ஆகஸ்டு 2025

அண்ணே,

போட்டேன். வழக்கு எண்ணை நானே அடித்து உள்ளே கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, துண்டு சிவப்பாகிவிட்டது. மறுநாளே தியாகராசனுக்குக் கடிதம் போய்விட்டது, 'சட்டச் சிக்கல் காரணமாக இடம் கைவிடப்படுகிறது' என்று. அதில் புதைகுழி பற்றி ஒரு வார்த்தை இல்லை. செத்தவர்களுக்காக அவர்கள் பின்வாங்கவில்லை, காவல் நிலையத்துக்குப் பயந்து பின்வாங்கினார்கள். ஜெயித்துவிட்டோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. இந்த ஜெயிப்பைத் தொட்டால் கை நாறுகிறது. உன் வேலை போய்விட்டது, நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நேற்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வருவதற்கு முன்னால் ஒன்று செய்தேன். எட்டுத் துளையில் ஒன்று யாருடையது என்று நீ எழுதாமல் விட்டாயே, அது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மென்பொருளில் பழைய தேதிப் படங்களையும் பார்க்கலாம். 2023 ஆகஸ்டுக்குப் போனேன். அம்மாவை எடுப்பதற்கு நாலு நாள் முந்தைய படத்தில் அந்த மேடு முழுக்கப் புல். ஆறு நாள் கழித்து எடுத்த படத்தில், பனைக்குத் தென்கிழக்கே, நாலைந்து புள்ளி நீளத்துக்குப் புதுமண் நிறம். அம்மாவின் இடத்தை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான், வானத்திலிருந்து. அதன்மேல் எட்டுத் துளைகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஏழாவது நேராக அங்கே போய் உட்கார்ந்தது. பனையிலிருந்து தெற்கே பதினேழு மீட்டர், கிழக்கே நாலு மீட்டர்.

டெல்டாவிலேயே இப்படிப் பார்த்ததில்லை என்று சொன்னார்களே, அது அம்மா. நான் கேக் தின்றது அதற்காக.

மீதி மண்ணை எறியாமல் வைத்திருப்பார்கள் என்று தெரியும். மாதிரி அறைக்குப் போனேன். இரும்பு அலமாரியில், வேறு ஊர் மண்களோடு, பிளாஸ்டிக் பையில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. மேலே என் கையெழுத்திலேயே 7 என்று ஒட்டியிருந்தது. எடுத்துத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டு என்று சொன்னால் சொல்லட்டும்.

இருபத்தேழாம் தேதி அம்மா நாள். அதைக் கொண்டுவருகிறேன். நீ தடுத்தாலும் மதகைத் தாண்டுவேன். என் எண்ணை இப்போது விடுவித்துவிடாதே, தபாலிலேயே பதில் எழுது. சொல்லப்போவது ஆமா என்றாலும் இல்லை என்றாலும் அதை உன் குரலில் கேட்க எனக்குத் தெம்பில்லை.

எழில்


சிறுவாய்க்கரை
22 ஆகஸ்டு 2025

எழில்,

இந்தக் கடிதத்துக்கு முத்திரை குத்தியது நானில்லை. என் இடத்துக்கு ஒரத்தநாட்டிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். விரைவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முத்திரையைக் கோணலாகக் குத்துகிறாள், சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நீ அளந்தது சரி. தெற்கே இருபத்துமூன்று தப்படி, கிழக்கே ஐந்து. என் காலடிக் கணக்கு. அந்தத் துளையை நான் அன்றைக்கே கையால் மூடிவிட்டேன். பாதிக்குமேல் மண் போதவில்லை. வேறு மண்ணைப் போட மனசில்லாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

தியாகராசன் இன்னொரு நிறுவனத்தோடு பேசுகிறாராம். வட்டாட்சியர் அளந்து பதிவு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், எப்போது என்று சொல்லவில்லை. அதெல்லாம் நீ வந்த பிறகு பார்ப்போம். மனு எழுத எனக்கு உன் அளவுக்கு வராது.

மண்ணைக் கொண்டு வா. அந்தப் பையோடு போடாதே, ஒட்டியிருக்கிற எண்ணையும் கிழித்துவிட்டு வா. பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொள், மேலே சாமான் தட்டில் வைக்காதே.

உன்னை அழைத்துக்கொண்டு போய் இடத்தைக் காட்டலாம் என்று நான் இருந்தேன். அன்றைக்குக் காட்டாததற்கு அதுவாவது செய்யலாமே என்று. அத்தை கேட்கவில்லை. எந்திரம் போன மறுநாளிலிருந்து பெண்கள் எல்லாரும் பனையடிக்குப் போய் வருகிறார்கள். அவரவர் வீட்டு ஆம்பிளையைக் கேட்டு, பனையிலிருந்து எண்ணி, அவரவர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மாவின் கணக்கை அத்தை என்னிடம் கேட்டுக்கொண்டு போனாள்.

"அவ அம்மா குழிய அவளுக்கு நாங்க காட்டிக்கிறோம். நீ மதகோட நின்னுக்க" என்று சொல்லிவிட்டாள்.

நிற்கிறேன்.

அண்ணன்
நெடுமாறன்